நாற்பதாம் இடத்தில் பதின்மூன்று

மதியச் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கைப்பேசியைப் பார்த்தபோதுதான் கோ பெய்-ஷானுக்கு அந்த மின்னஞ்சல் கண்ணில் பட்டது. இரண்டே கேள்விகள். நாற்பதாவது எண் ஏன் 31? அங்கே 13 அல்லவா வர வேண்டும்?

அனுப்பியவர் யார், எந்த நாட்டுக்காரர் என்று தெரியாது. எண் வரிசைகளைத் தொகுத்து வைக்கும் இணையக் களஞ்சியம் ஒன்று இருக்கிறது. அங்கே ஒவ்வொரு நாளும் யாராவது ஒரு புது வரிசையைச் சேர்ப்பார்கள், வேறு யாராவது அதை நோண்டிப் பார்ப்பார்கள். பெய்-ஷான் சேர்த்து நான்கு வாரம் ஆகியிருந்த வரிசையை யாரோ ஒருவர் நோண்டியிருக்கிறார், அவ்வளவுதான். அவர் கோபமாகக்கூட எழுதவில்லை.

அவள் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்துவிட்டு, பெட்டியின் மூடியில் விரலால் எழுதிப் பார்த்தாள். முப்பத்தெட்டாவது எண் 47. முப்பத்தொன்பதாவது 29. அடுத்து 13 வரலாமா? அந்த இரண்டிலும் 1 இல்லை, 3 இல்லை. வரலாம். அதற்கு முன்னால் 13 எங்கேயும் வந்ததா? இல்லை. 31-ஐவிட 13 சின்னதா? இதைக் கேட்க வேறு ஆள் வேண்டுமா.

விதி அவ்வளவு எளிது. 1-லிருந்து தொடங்க வேண்டும். ஒவ்வொரு முறையும், இதுவரை வராத எண்களில் மிகச் சின்னதை எடுத்து அடுத்து எழுத வேண்டும். ஒரே ஒரு நிபந்தனை: அடுத்தடுத்து இருக்கும் எந்த மூன்று எண்களை எடுத்தாலும் அவற்றில் ஓர் இலக்கம் இரண்டு தடவை வரக் கூடாது. அதனால் 1 முதல் 10 வரை சும்மா வரும். 10-க்குப் பிறகு 11 வராது. 12-லிருந்து 19 வரை எல்லாவற்றிலும் 1 இருக்கிறது. 20-ல் பூஜ்யம் இருக்கிறது. 21-ல் மறுபடி 1, 22-ல் 2 இரண்டு தடவை. 23 வரும். பிறகு 45, 16, 20, 34, 15 என்று போகும். பாவம் 12-ம் 13-ம் வெளியிலேயே நிற்கும். 12-க்கு இருபத்தொன்பதாவது இடத்தில்தான் வழி கிடைக்கும்.

13-க்கு நாற்பதாவது இடத்தில்.

பெய்-ஷானுக்கு இருபத்தாறு வயது. காங்ஷான் என்ற ஊரில் ஒரு திருகாணித் தொழிற்சாலையில் தரம் பார்க்கிற வேலை. எதிரே உட்கார்ந்திருந்த பாக்கிங் பிரிவுப் பெண், "என்ன, பன்றிக்கறியில முடி கிடக்கா?" என்று கேட்டாள். பெய்-ஷான் இல்லை என்று தலையாட்டினாள். அன்று அவளால் அதற்கு மேல் ஒரு வாய்கூடச் சாப்பிட முடியவில்லை. தப்பு நடந்தது பெரிதல்ல. தப்பு நடந்த இடம் அப்படி. இன்னொரு ஆள் அதே இடத்தில் சரியாகத்தான் எழுதியிருக்க வேண்டும், எல்லோர் முன்னாலும் அவர் கணக்கை இவள் தப்பு என்று சொல்லியிருந்தாள்.

அந்த வரிசை அவளுடையதே அல்ல. யென் சிங்-மெய் அக்காவுடையது.

செவ்வாய்க்கிழமை தோறும் மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை, நடுநிலைப் பள்ளிக்கூடம் ஒன்றில் இரவல் வாங்கிய வகுப்பறையில், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஊர்க் கல்லூரியின் எண் வகுப்பு நடக்கும். மொத்தம் பன்னிரண்டு பேர். பாடம் சொல்லும் து என்கிற ஆசிரியர் பகலில் தனிப்பயிற்சி மையத்தில் கணக்கு நடத்துகிறவர். செப்டம்பரில் முதல் வகுப்பிலேயே ஆளுக்கு ஒரு விதி கொண்டுவரச் சொன்னார். அடுத்த வாரம் மற்றவர்கள் இரட்டை எண், ஒற்றை எண் என்று ஏதோ கொண்டுவந்தார்கள். மெய் அக்கா கொண்டுவந்தது ஒரு ரப்பர் வளையம் போட்ட சீட்டுக் கட்டு.

மெய் அக்கா ரயில் நிலையத்துக்குப் பின்னால் காலைச் சிற்றுண்டிக் கடை வைத்திருக்கிறாள். வாடிக்கையாளர்கள் முட்டைச் சுருள், முள்ளங்கி கேக், சோயா பால் என்று டிக் அடித்துக் கொடுக்கிற சீட்டுகள் மிஞ்சும் அல்லவா, அவற்றின் பின்பக்கத்தில்தான் அவள் வரிசையை எழுதியிருந்தாள். சீட்டுக்கு இருபத்தைந்து எண். எட்டுச் சீட்டு நிரம்பி, ஒன்பதாவதில் பன்னிரண்டு. கோடையில் ஆரம்பித்ததாம். இது எங்கேயோ ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நின்றுவிடும் என்று அவளுக்குத் தோன்றியதாம். இருப்பது பத்து இலக்கம்தானே, எவ்வளவு நாள்தான் பங்கு போட்டுக்கொள்ளும் என்றாள். து ஆசிரியர் அரை நிமிடம் யோசித்துவிட்டு, ஆமாம், கட்டாயம் நிற்கும் என்றார். எங்கே என்பதுதான் கேள்வி என்றார். வகுப்பில் எல்லோரும் கைதட்டினார்கள். தபால்காரர் சியாவ் அண்ணன், இனி முட்டைச் சுருள் வாங்கினால் சீட்டைத் திருப்பிப் பார்க்காமல் போடக் கூடாது என்றார்.

களஞ்சியத்தில் சேர்க்கலாம் என்று முடிவானது. அங்கே எல்லாம் ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கணினியில் ஓட்டிச் சரிபார்க்கவும் வேண்டும். மெய் அக்காவுக்கு இரண்டும் வராது. இரண்டும் அரைகுறையாக வருகிற பெய்-ஷான் நான் செய்கிறேன் என்று கையைத் தூக்கினாள். எதிலும் முதலில் கையைத் தூக்குகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது.

கணினி நிரல் எழுதினாள். தொழிற்சாலையில் ஒரு பெட்டித் திருகாணி வந்தால் முதல் பீஸை எடுத்துப் பார்ப்பார்கள், கடைசி பீஸை எடுத்துப் பார்ப்பார்கள். இரண்டும் சரியென்றால் நடுவில் உள்ளதும் சரி. எந்திரம் திடீரென்று நடுவில் மட்டும் கெட்டுப்போய்த் தானாகச் சரியாகாது. நான்கு வருடமாக அவள் கை அதற்கே பழகியிருந்தது. வரிசைக்கும் அதையே செய்தாள். முதல் இருபது எண்ணை மெய் அக்காவின் முதல் சீட்டோடு ஒப்பிட்டாள். பொருந்தியது. பிறகு நேராக ஒன்பதாவது சீட்டுக்குப் போனாள். இருநூற்றுப் பன்னிரண்டாவது எண் பொருந்தவில்லை.

அடுத்த செவ்வாயன்று எல்லோர் முன்னாலும் சொன்னாள். எழுந்து நின்று, காகிதத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"அக்கா, நடுவுல எங்கேயோ தப்பிடுச்சு. கடைசி எண் ஒத்துவரலை."

எங்கே என்று மெய் அக்கா கேட்டாள். அதை இன்னும் பார்க்கவில்லை என்றும், கையால் இருநூறு எண் போட்டால் ஒன்றிரண்டு தப்புவது சகஜம்தான் என்றும் பெய்-ஷான் சொன்னாள். ஆறுதலாகச் சொல்வதாக அப்போது நினைத்துக்கொண்டாள். மெய் அக்கா கட்டை வாங்கி, சீட்டுகளை ஒருமுறை விசிறிபோல விரித்துப் பார்த்தாள், மறுபடி ரப்பர் வளையத்தைப் போட்டாள்.

"மெஷின் சொன்னா சரியாத்தான் இருக்கும் அழகி. இது முட்டையைப் புரட்டிக்கிட்டே போட்ட கணக்கு." கடைக்கு வருகிற எல்லாப் பெண்களையும் அவள் அழகி என்றுதான் கூப்பிடுவாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். "உன் பேரையே போட்டுக்கோ. தப்புக் கணக்குக்கு என் பேர் எதுக்கு?"

சரிக்கா என்றாள் பெய்-ஷான்.

இப்போது மூடியில் எழுதிய விரலைத் துடைத்துக்கொண்டு அவள் நினைத்துப் பார்த்தது அந்தச் சரிக்காவைத்தான். மறுத்திருக்கலாம். இரண்டு பேரும் போடலாம் என்றிருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்றாவது சொல்லியிருக்கலாம். மூச்சு இழுத்து விடுகிற நேரம்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை. அக்டோபர் கடைசியில் வரிசை ஏற்கப்பட்டபோது அதில் ஒரே ஒரு பெயர் இருந்தது. து ஆசிரியர் அந்தப் பக்கத்தை அச்செடுத்து வகுப்பறையின் பின்சுவரில் குத்தினார். மெய் அக்கா அதன்பின் ஒரு வாரம் வந்தாள். நவம்பரிலிருந்து வரவில்லை. குளிர் வந்துவிட்டது, கடையில் கூட்டம் கூடியிருக்கும் என்று பேசிக்கொண்டார்கள். பெய்-ஷானும் அப்படித்தான் பேசினாள்.

அன்று ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்ததும் நிரலைத் திறந்தாள். தப்பைக் கண்டுபிடிக்க நாலு நிமிடம் ஆனது. 11, 22 மாதிரி எண்கள் எந்தக் காலத்திலும் வரப்போவதில்லை, ஆனால் நிரல் ஒவ்வொரு தடவையும் அவற்றையும் எடுத்துப் பார்த்துத் தள்ளிக்கொண்டிருந்தது. அது வேகத்தைக் குறைக்கிறது என்று, இருபத்தைந்து முறை தள்ளப்பட்ட எண்ணை அடியோடு நீக்கிவிடு என்று ஒரு வரி சேர்த்திருந்தாள். 12 பதினெட்டு முறை தள்ளப்பட்டு உள்ளே வந்துவிட்டது. 13-க்குத் தன் இடம் வருவதற்குள் இருபத்தைந்து ஆகிவிட்டது. முப்பத்தாறாவது இடத்திலேயே நிரல் அதைத் தூக்கி வெளியே போட்டிருந்தது.

அந்த வரியை அழித்துவிட்டு ஓட்டினாள். 47, 29, 13. களஞ்சியத்தில் போய் எண்களை மாற்றினாள். மாற்றத்துக்குக் காரணம் எழுதச் சொல்லி ஒரு கட்டம் இருந்தது. சிறு திருத்தம் என்று எழுதினாள். எழுதும்போதே காது சூடானது. நாற்பதாவது இடத்துக்குப் பிறகு ஏறக்குறைய எல்லா எண்களும் மாறியிருந்தன. கால் மணி நேரத்தில் அந்த முன்பின் தெரியாத மனிதர் பதில் போட்டார். உடனே சரிசெய்ததற்கு நன்றி, பலர் இதைக்கூடச் செய்வதில்லை என்று. பெய்-ஷான் திரையைக் கவிழ்த்து வைத்தாள்.

பிறகுதான் அவள் வேறொன்று செய்தாள். வகுப்பின் கைப்பேசிக் குழுவில் மெய் அக்கா முன்பு ஒருநாள் ஒன்பதாவது சீட்டை மட்டும் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அதைத் தேடி எடுத்து, கடைசி எண்ணைப் புதிய பட்டியலோடு ஒப்பிட்டாள்.

பொருந்தவில்லை.

மறுபடி பார்த்தாள். பொருந்தவில்லைதான். அப்படியென்றால் மெய் அக்காவும் எங்கேயோ ஓரிடத்தில் தப்பு செய்திருக்கிறாள். அன்று வகுப்பில் தான் சொன்னது உண்மைதான். நடுவில் எங்கேயோ தப்பிவிட்டது என்றுதானே சொன்னாள்? தப்பித்தான் இருக்கிறது.

அப்பாடா என்று இருந்தது அவளுக்கு. மதியத்திலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. பசிகூட எடுத்தது. எழுந்து நூடுல்ஸுக்குத் தண்ணீர் வைத்தாள். தண்ணீர் கொதிக்கிற வரைக்கும் அந்த நிம்மதி இருந்தது. பிறகு, தான் எதற்காகச் சந்தோஷப்பட்டோம் என்பது அவளுக்குப் புரிந்தது. ஒரு மனுஷி கோடை முழுக்க எழுதியதில் ஓர் ஓட்டை இருப்பது தெரிந்து அவள் சந்தோஷப்பட்டிருக்கிறாள். கேஸை அணைத்துவிட்டு அடுப்படியிலேயே நின்றாள். யாரும் பார்க்கவில்லை. ஆனாலும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்குக் கடைக்குப் போனாள். கூட்டம். முட்டைச் சுருள் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போனாள். வெள்ளிக்கிழமையும் போனாள். அன்று அவ்வளவு கூட்டமில்லை. சீட்டில் டிக் அடிக்கும்போது பென்சில் முனை உடைந்தது. மெய் அக்கா இரும்புக்கல்லில் முள்ளங்கி கேக்கைத் திருப்பிப் போட்டபடி தலையைத் தூக்காமலே கேட்டாள்.

"என்ன அழகி, வருஷத்துக்கு ரெண்டு தடவை வர்ற ஆளு. முட்டைச் சுருள் மேல திடீர்னு என்ன பாசம்?"

சும்மாதான் என்றாள் பெய்-ஷான். அந்தச் சும்மாதானையும் அவள் தன் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

சனிக்கிழமை லீவு. கடை மூடுகிற நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால், பத்து ஐம்பதுக்குப் போனாள். கடைசி ஆள் சோயா பாலை வாங்கிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏறுகிற வரைக்கும் வாசலில் நின்றாள். பிறகு உள்ளே போய், உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னாள். நாற்பதாவது இடம், 13, நிரலில் போட்ட வரி, முதலையும் கடைசியையும் மட்டும் பார்த்தது, சத்தமில்லாமல் திருத்தியது. மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள். வரிசை பிசகாமல் சொன்னாள். ஒன்றை மட்டும் விட்டுவிட்டாள்.

மெய் அக்கா கரண்டியால் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"இருபத்தஞ்சு தடவை காத்திருந்தா துரத்திடுவியா?" என்றாள் கடைசியில். "நீயெல்லாம் என் கடைல ஒரு நாள் தாங்க மாட்டே."

"மன்னிச்சிருங்கக்கா."

"இப்ப நான் பரவாயில்லைன்னு சொல்லணும், இல்லையா? வந்தவங்க மன்னிப்புக் கேட்டா அதைத்தானே சொல்லணும்." கரண்டியைத் தண்ணீரில் போட்டாள். "சொல்ல மாட்டேன். எனக்குப் பரவாயில்லைன்னு இல்லை. அன்னைக்கு வீட்டுக்குப் போய் மூணு தடவை போட்டுப் பார்த்தேன். எங்கே தப்புன்னே தெரியலை. எனக்கு மூளையே அவ்வளவுதான்னு நினைச்சுக்கிட்டேன்."

பெய்-ஷான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரையில் பச்சை வெங்காயத் துண்டுகள் சிதறிக் கிடந்தன.

மெய் அக்கா உள்ளே போய்ச் சீட்டுக் கட்டோடு வந்தாள். தூக்கி எறிந்துவிடாமல் வைத்திருந்தாள். எண்ணெய்க் கறை ஒன்றிரண்டு கூடியிருந்தது, அவ்வளவுதான். கட்டை மேசை மேல் வைத்தாள்.

"உட்காரு. முதல்லேருந்து படி. ஒவ்வொண்ணா. மெஷின் வேண்டாம், உன் கண்ணால பாரு."

பெய்-ஷான் படித்தாள். ஓர் எண் படிப்பாள், அதற்கு முன்னால் இருக்கிற இரண்டைப் பார்ப்பாள், சீட்டின் ஓரத்தைப் பார்ப்பாள். அங்கே மெய் அக்கா உள்ளே வர முடியாத எண்களைப் பொடி எழுத்தில் குறித்து வைத்திருந்தாள். ஆர்டர் கொடுத்துவிட்டு நிற்கிறவர்களின் பட்டியல் அது என்றாள். எண் உள்ளே வந்ததும் அதன் மேல் ஒரு கோடு. மெய் அக்கா பாத்திரம் கழுவிக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் ம் கொட்டினாள். 12 வந்தபோது ஒரு ம். 21 வந்தபோது ஒரு ம். நாற்பதாவது எண்ணுக்கு வந்ததும் பெய்-ஷான் படிப்பதை நிறுத்தினாள்.

"படி."

"பதின்மூணு."

"சரியா?"

"சரிக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

"சரியா இருக்குக்கா. பதின்மூணுதான்."

மெய் அக்கா குழாயை மூடிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். அதற்குப் பிறகு ம் கொட்டவில்லை, சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது சீட்டு, மூன்றாவது, நான்காவது. நூறைத் தாண்டியதும் ஒவ்வொரு எண்ணுக்கும் அரை நிமிடம் பிடித்தது. மெய் அக்காவின் கணக்கில் பிசகு என்று ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்தக் குறிப்புகளின் ஒழுங்கைப் பார்க்கப் பார்க்கப் பெய்-ஷானுக்கு உடம்பு கூசியது. தப்பிவிட்டது என்று சொல்லும் முன் ஒருமுறையாவது இதைத் திறந்து பார்த்திருந்தால் போதும், சொல்ல வாய் வந்திருக்காது.

ஆனால் எங்கேயோ ஒன்று இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். அது இந்த இரண்டு பேரில் அவளுக்கு மட்டும் தெரியும். ஒவ்வொரு சீட்டு முடியும்போதும் அடுத்ததில் இருக்கக் கூடாதே என்று நினைத்தாள்.

எட்டாவது சீட்டின் முதல் எண்ணில் இருந்தது. நூற்றெழுபத்தாறாவது இடம். சீட்டு மாற்றும்போது மெய் அக்கா முந்தைய சீட்டின் கடைசி எண்ணை மட்டும் பார்த்திருக்கிறாள். அதற்கு முந்தியதைப் பார்க்க மறந்திருக்கிறாள். அதிலும் 6 இருந்தது, இதிலும் 6 இருந்தது.

பெய்-ஷான் அந்த எண்ணைப் படித்தாள். நிறுத்தாமல் அடுத்ததைப் படித்தாள். அதற்கடுத்ததையும். இன்றைக்குப் போய் இதைச் சொல்வதா என்று நினைத்தாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் உன் கணக்கிலும் தப்பு இருக்கிறது என்று எந்த வாயால் சொல்வது? இன்னொரு நாள், போனில், தானே கண்டுபிடித்ததுபோல.

"நிறுத்து," என்றாள் மெய் அக்கா. "ஏன் வேகமாப் படிக்கிறே?"

"இல்லைக்கா."

"அரை நிமிஷம் பார்த்துப் பார்த்துப் படிச்சே. இப்ப கடகடன்னு அஞ்சு படிச்சுட்டே."

பெய்-ஷான் ஏழாவது சீட்டையும் எட்டாவதையும் அவள் பக்கம் தள்ளினாள். விரலால் மூன்று எண்களையும் காட்டினாள். மெய் அக்கா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். கழுத்திலிருந்து மெல்ல மெல்லச் சிவப்பேறியது. பெய்-ஷானுக்கு அதைப் பார்க்க முடியவில்லை. அவமானம் ஓர் ஆள் முகத்தில் எப்படி ஏறும் என்று இந்த மூன்று நாளாக அவளுக்கு உள்ளேயிருந்து தெரியும்.

"அப்போ நீ அன்னைக்குச் சொன்னது சரிதான்."

"இல்லைக்கா. நான் பார்க்காம சொன்னேன். நாற்பதுலேயே என்னுது கெட்டுப்போயிருந்தது. அதைவெச்சு உங்களுதைத் தப்புன்னு சொன்னேன்." இங்கே நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினால் விட்டுவிட்ட அந்த ஒன்று அப்படியே உள்ளே கிடக்கும். "புதன்கிழமை திருத்தினதுக்கு அப்புறமும் உங்க கடைசி எண் ஒத்துவரலை. உங்களுதுலயும் ஒண்ணு இருக்குன்னு அப்பவே தெரியும். அப்போ எனக்கு... சந்தோஷமா இருந்துச்சுக்கா. தப்பிச்சேன்னு இருந்துச்சு."

மெய் அக்கா அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"அதைச் சொல்லாம இருந்திருக்கலாம் நீ."

"ஆமாக்கா."

"மத்ததெல்லாம் கணக்கு. இதுதான் வலிக்குது."

தெருவில் குப்பை வண்டி பாட்டுப் போட்டுக்கொண்டு போயிற்று. மெய் அக்கா எழுந்து பையை எடுத்துக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தாள். திரும்பி வந்தவள் உட்காரவில்லை. நின்றபடியே, நூற்றெழுபத்தைந்துக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு போட்டாள். அதற்குப் பின்னால் இருந்த முப்பத்தேழு எண்களையும் சீட்டுக்கு ஒரு கோடாக அடித்தாள்.

"விதி என்னுது," என்றாள். "எண்ணை யாரு போட்டாலும், மெஷினே போட்டாலும், விதி என்னுது. அங்கே என் பேரைப் போடு. யாரு தப்புப் பண்ணினா, யாரு திருத்தினான்னும் போடு. இங்கே எங்கிட்ட மட்டும் அழுதுட்டுப் போறது சுலபம். அன்னைக்கு எங்கே நின்னு சொன்னியோ அங்கே நின்னு சொல்லு. அதுக்கப்புறம் நான் வகுப்புக்கு வர்றதா வேண்டாமான்னு யோசிக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பெய்-ஷான் களஞ்சியத்துக்கு எழுதினாள். ஐந்து முறை எழுதி அழித்து ஆறாவது முறை அனுப்பினாள். திங்கட்கிழமை பெயர் மாறியிருந்தது. யென் சிங்-மெய். கீழே, எண்களைத் தப்பாகக் கொடுத்தவர் கோ பெய்-ஷான், பின்னர் திருத்தியவரும் அவரே. பக்கத்தின் பழைய வரலாற்றை யாரும் அழிக்க முடியாது என்று பதிலில் சொல்லியிருந்தார்கள். சிறு திருத்தம் என்று அவள் எழுதியது இனி எப்போதும் அங்கே இருக்கும். யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம்.

செவ்வாய்க்கிழமை து ஆசிரியரிடம் ஐந்து நிமிடம் கேட்டாள். அன்று நின்ற அதே இடத்தில், மூன்றாவது வரிசை மேசைக்குப் பக்கத்தில் நின்றாள். இந்த முறை கையில் காகிதம் இல்லை. மெய் அக்காவின் நாற்காலி காலியாக இருந்தது. பேச ஆரம்பித்த பிறகுதான் பின்கதவு திறந்தது. மெய் அக்கா குளிர்ச் சட்டையோடு, பொரித்த எண்ணெய் வாசனையோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பெய்-ஷான் தொடர்ந்தாள். நாற்பதாவது இடத்தைக் கரும்பலகையில் எழுதிக் காட்டினாள். இருபத்தைந்து என்று தான் போட்ட வரியைச் சொன்னாள். மெய் அக்கா விட்டுக்கொடுத்த பெயரை ஒரு பேச்சுக்குக்கூட மறுக்காமல் எடுத்துக்கொண்டதைச் சொன்னாள்.

எப்போதும் எதையாவது சொல்லிச் சிரிக்க வைக்கிற சியாவ் அண்ணன் தன் பேனாவின் மூடியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். து ஆசிரியர் பின்சுவரில் தான் குத்தியிருந்த காகிதத்தைத் திரும்பிப் பார்த்தார். நான்கு வாரமாக அவர் கண்ணுக்கு நேரே 31 இருந்திருக்கிறது. அவர் முகமும் சரியில்லை.

அவ்வளவுதான், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு அவள் உட்காரப் போனாள். நூற்றெழுபத்தாறைச் சொல்லப்போவதில்லை என்று வீட்டிலேயே முடிவு செய்திருந்தாள். அதைச் சொன்னால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதுபோல இருக்கும்.

"இன்னும் இருக்கு," என்றது கடைசி வரிசையிலிருந்து மெய் அக்காவின் குரல். "என்னுதையும் சொல்லு. பாதியோட நிறுத்தாதே."

எல்லோரும் பின்னால் திரும்பினார்கள். மெய் அக்கா யாரையும் பார்க்கவில்லை. பையிலிருந்து சீட்டுக் கட்டை எடுத்து மேசை மேல் வைத்து, எட்டாவது சீட்டைத் தேடிக்கொண்டிருந்தாள். காது இரண்டும் சிவந்திருந்தன.

பெய்-ஷான் மறுபடி கரும்பலகைப் பக்கம் திரும்பினாள். முந்தைய சீட்டின் கடைசி இரண்டு எண்களை எழுதினாள். பக்கத்தில் புதுச் சீட்டின் முதல் எண்ணை எழுதிவிட்டு, அதிலிருந்த 6-க்கு அடியில் கோடு போட்டாள்.